கீழ்க்கட்டில், ஜன்னல் பக்கம்

ஏசி மெக்கானிக்குக்கு ஐம்பத்தொன்பது வயதில்தான் வேலைக்கு வந்த வெளிநாட்டு ஊரில் ஒரு பேங்க் கணக்கு தேவைப்பட்டது. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் கணக்கில்லாமலே ஓடிவிட்டது. மாதக் கடைசியில் முதலாளி பழுப்பு உறையில் சம்பளத்தைக் கையில் கொடுப்பார். அவர் நேராகப் பணம் அனுப்பும் கடைக்குப் போவார். ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். பேங்க் என்பது அவரைப் பொறுத்தவரை மாடியேறி ஏசி பார்க்கும் கட்டடங்களில் ஒன்று.

ஆரம்பித்துவைத்தது அவர் மனைவி. ஊரிலிருந்து போனில் ஒருநாள் சொன்னாள்.

"ஏங்க, நீங்க படுத்துத் தூங்குற இடத்தை ஒரு தடவை பாக்கணுங்க."

"அதுல பாக்க என்ன இருக்கு? ஒரு கட்டில்."

"அந்தக் கட்டிலைத்தான் சொல்றேன்."

"போட்டோ எடுத்து அனுப்புறேன்."

"போட்டோவெல்லாம் இருபது வருஷமா பாத்தாச்சு. அடுத்த வருஷம் முடிச்சுட்டு வந்துடுவீங்க. அதுக்கப்புறம் எனக்கு யாரு காட்டுவா?"

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பு. கூட்டிப் பார்த்தால் இருபத்திரண்டு வருஷத்தில் சேர்ந்து இருந்தது ஒரு முழு வருஷம் தேறாது. இத்தனை வருஷத்தில் அவள் எதுவும் கேட்டதில்லை. கேட்டது இந்த ஒன்றுதான். அதையும் கேட்காத மாதிரி இருந்துவிட அவருக்கு மனசு வரவில்லை.

விசாரித்தார். மனைவியை ஒரு மாதம் அழைத்துவர அனுமதி உண்டு. அழைப்பவரின் சம்பளம் ஆறு மாதம் தொடர்ந்து பேங்கில் விழுந்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதப் பட்டியலை முத்திரையோடு கொடுக்க வேண்டும். சம்பளத்தைப் பேங்கில் போட முதலாளிக்கு ஆட்சேபணை இல்லை. "நீ நம்பர் கொடு, நான் போடறேன்" என்றுவிட்டார். மெக்கானிக்கின் வேலை அனுமதி முடிய இன்னும் பதினோரு மாதம். அறுபதைத் தொட்டவர்களுக்குப் புதுப்பித்துத் தருவதில்லை. ஆக, பதினோரு மாதத்துக்குள் கணக்கு திறந்து, ஆறு சம்பளம் விழுந்து, விசா வந்து, அவளும் வந்து சேர வேண்டும். மெக்கானிக் விரல் விட்டு எண்ணினார். இடம் இருந்தது. நிறைய இல்லை.

அரை நாள் விடுப்பு போட்டு பேங்குக்குப் போனார். டோக்கன் எடுத்து உட்கார்ந்தார். அதே கிளையின் மொட்டை மாடியில் அவர் கை படாத ஏசி யூனிட் கிடையாது. நாலில் மூன்றாவதற்கு ஃபேன் பேரிங் போயிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவருக்குக் கேட்டது. எத்தனையோ தடவை பின்வாசல் வழியாக ஏணியோடு நுழைந்த கட்டடம். முன்வாசல் வழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

கவுன்டர் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அந்த ஊர் மொழி அவருக்கு ஏசி அளவுக்குத் தெரியும். கேஸ் குறைவு, தண்ணீர் ஒழுகுகிறது, நாளை வருகிறேன். அதைத் தாண்டினால் தட்டுத் தடுமாறும். இருந்தாலும் அவள் சொன்னது புரிந்தது. பாஸ்போர்ட் சரி. அனுமதி அட்டை சரி. கம்பெனிக் கடிதம், எங்கே வேலை செய்கிறார் என்பதற்குச் சான்று. எங்கே வசிக்கிறார் என்பதற்கு? அவர் பேரில் கரண்ட் பில், இரண்டு மாதத்துக்கு, வேண்டும்.

"இருபத்திரண்டு வருஷமா இங்கதான் இருக்கேன்" என்று தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னார். அவள் தலையாட்டினாள். மறுக்கவில்லை. பில்லைத்தான் கேட்டாள்.

அவர் இருந்த வீட்டில் இரண்டு அறை, ஏழு பேர். வாடகை ஒப்பந்தம் ஏஜென்ட் பேரில். கரண்ட் பில்லை மட்டும் குடியிருப்பவர்களில் ஒருவர் பேருக்கு மாற்றலாம், ஏஜென்ட் கையெழுத்துப் போட்டால். ஏழு பேருக்கும் ஏதாவது ஒரு காரணத்துக்குப் பில் வேண்டியிருந்தது. அதனால் வீட்டில் முறை வைத்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு மாதம். பட்டியல் அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. பில் யார் பேரில் வருகிறதோ அவருக்கு அந்த இரண்டு மாதமும் 'வீட்டுக்காரர்' என்று பேர். காலையில் முதல் குளியல் வீட்டுக்காரருக்கு. ஏஜென்ட் வந்து கத்தினால் நின்று கேட்பதும் வீட்டுக்காரர்தான்.

பட்டியலைக் காத்தது சித்தப்பா. யாருக்கும் சித்தப்பா இல்லை, எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள். கிடங்கில் சரக்கு எண்ணுகிறவர். அதே கண்டிப்பு வீட்டிலும்.

"உன் முறை வர பத்து மாசம் ஆகும்" என்றார் சித்தப்பா. "போன மாசம்தானே சுத்து முடிஞ்சுது? நீ அப்ப பில்லு வேணாம்னு விட்டுக் கொடுத்துட்டே."

"அப்ப எதுக்குன்னு தெரியல சித்தப்பா."

"அடுத்தது பெயின்டர். அவன்கிட்ட கேளு. நான் நடுவுல வரமாட்டேன்."

பெயின்டர் துவைத்த சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். முழுசையும் கேட்டுவிட்டு ஒரு கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"அண்ணி வர்றாங்கன்னா எடுத்துக்கங்கண்ணே. எனக்கு வண்டி லைசென்ஸுக்குத்தான். இவ்வளவு நாள் பஸ்ஸுல போனவன், இன்னும் ரெண்டு மாசம் போறேன்."

"ரொம்ப நன்றிப்பா."

"நன்றியெல்லாம் இருக்கட்டும். முதல் குளியல் உங்களுக்குப் போகுதுல்ல? சுடுதண்ணியை மொத்தமா காலி பண்ணிடாதீங்க. நீங்க குளிச்சா வெளியில வர்றதுக்குள்ள எனக்குத் தாடி வளந்துடுது."

ஏஜென்ட் கையெழுத்துப் போட்டார். பேர் மாறியது. மெக்கானிக் வீட்டுக்காரர் ஆனார்.

இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார். தப்பு என்று சொல்ல வாய் வராது. ஆனால் தப்பாகத்தான் முடிந்தது.

ஊரார் ஏசியையெல்லாம் பார்க்கிறவர் வீட்டு ஏசியை அதுவரை தொட்டதில்லை. ஏஜென்ட் சொத்து, நமக்கென்ன என்று விட்டிருந்தார். இப்போது மாதா மாதம் ஓடும் கரண்டெல்லாம் தன் பேரில் அச்சாகி வரப்போகிறது. அந்த நினைப்பு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. விடுமுறை நாளில் மற்ற ஆறு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு இரண்டு ஏசியையும் கழற்றினார். காயிலில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. மருந்து அடித்துக் கழுவினார். வீங்கிப்போன கெப்பாசிட்டரை மாற்றினார். கேஸ் அளவு பார்த்தார். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினார். முடித்ததும் வழக்கப்படி ஏசியின் முன்மூடிக்கு உள்பக்கம் பென்சிலில் எழுதினார். தேதி. ஏசி இழுக்கும் கரண்ட், கழுவும் முன் 9.8 ஆம்பியர், கழுவிய பின் 5.4. குறிப்பு: காயில், கெப்பாசிட்டர்.

எந்த வீட்டு ஏசியை முடித்தாலும் அப்படி எழுதுவார். அடுத்து வரும் மெக்கானிக்குக்குத் தெரிய வேண்டும் என்பார். பெரும்பாலும் அடுத்து வருவதும் அவர்தான்.

முதல் மாதம் பில் பாதியாக வந்தது. இரண்டாம் மாதம் அதிலும் கொஞ்சம் குறைந்தது. வீட்டில் கொண்டாட்டம். "நிரந்தரமா இவரையே வீட்டுக்காரர் ஆக்கிடலாம்" என்றார் பெயின்டர். "அதுக்கு முன்னாடி குளியல்ல ஒரு ஒப்பந்தம் போடணும்." மெக்கானிக் பில்லை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேர் பெரிய எழுத்தில் இருந்தது. முகவரியில் மூன்றாவது வரி காலியாக இருந்தது.

பேங்க் படிவத்திலும் முகவரிக்கு மூன்று வரி. இரண்டு வரியில் கட்டடமும் வீட்டு எண்ணும் முடிந்துவிட்டன. காலியாக விட்டால் மறுபடி ஏதாவது கேட்பார்கள் என்று மூன்றாவது வரியிலும் எழுதினார். கீழ்க்கட்டில், ஜன்னல் பக்கம். அந்த ஊர் மொழியில் இந்த மூன்று சொல்லும் அவருக்குத் தெரியும்.

கவுன்டர் பெண் சிரிக்கவில்லை. பில்லைத்தான் பார்த்தாள். பில்லின் அடியில் பன்னிரண்டு மாதக் கரண்ட் செலவை மாதத்துக்கு ஒரு கம்பியாக வரைந்திருந்தது. பத்துக் கம்பிகள் உயரம். கடைசி இரண்டும் குட்டை. அதைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள். வீடு காலியாகிவிட்டதா என்று கேட்டாள். ஆள் இல்லாத வீட்டு முகவரியைக் கொடுத்துக் கணக்கு திறப்பவர்கள் இருக்கிறார்களாம்.

"இல்லை. நான் ரிப்பேர் பண்ணினேன்" என்றார்.

அவள் அதைக் குறித்துக்கொள்ள ஒரு கட்டம் தேடினாள். இல்லை. வீட்டைப் பார்க்க ஆள் வருவார் என்று சொல்லி அனுப்பினாள். எப்போது வருவார் என்பதைச் சொல்ல மாட்டார்களாம்.

ஆள் ஒரு வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு வந்தார். அந்த நேரத்தில் ஏழு பேரும் ஏழு திசையில் இருந்தார்கள். பூட்டு. மூன்றாம் நாள் போனில் செய்தி வந்தது. மெக்கானிக் ஒரு மொட்டை மாடியில், வெயிலில், இரண்டு யூனிட்டுக்கு நடுவே உட்கார்ந்து அதைப் படித்தார். வசிப்பவர் எவரும் இல்லை. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. போனை உள்ளே வைத்துவிட்டு எடுத்த வேலையை முடித்தார். மூடியில் தேதி எழுதினார். இறங்கினார்.

அன்று சாயங்காலம் மகனிடம் சொன்னார். மகன் ஊரில் மின்பொறியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, உலகத்துல யாராவது கரண்டை மிச்சம் பிடிச்சு மாட்டிக்குவாங்களா?"

"பில்லு என் பேருல வருதுடா. தண்டத்துக்கு ஓடினா என் பேருக்குத்தானே கேவலம்."

"அந்தப் பில்லை உங்களைத் தவிர யாருப்பா பாக்கப் போறா?"

"அதான் பேங்க்ல பாத்தாங்களே."

மகன் சிரித்தான். அவரும் சிரித்தார். "அம்மாகிட்ட இப்ப சொல்லாதே" என்றார் அவர். "ஒரு மாசம் போனது போனதுதான். மிச்சத்தைப் பாப்போம்."

பெயின்டர் தன் முறையை இன்னொரு மாதம் தள்ளிவைத்தார். அலமாரிக் கதவில் பட்டியலை அடித்துத் திருத்தும்போது சித்தப்பா முனகினார்.

"ஏன்டா, வீட்டுல ஏழு பேர் கிடக்கோம். பேங்க்காரன் கண்ணுக்கு ஒருத்தன்கூடத் தெரியல. இவன் ஏசியைக் கழுவுறேன்னு நம்மளையும் சேத்துக் கழுவிட்டான்."

"பகல்ல யாராவது ஒருத்தர் இருந்தாத் தேவலை சித்தப்பா" என்றார் மெக்கானிக்.

"நீயே இரு. உனக்கு மிச்சம் எத்தனை நாள் விடுப்பு?"

"ஒன்பது."

"எதுக்கு வச்சிருந்தே?"

"அவ வந்தா ஊரைச் சுத்திக் காட்டலாம்னு."

சித்தப்பா பேனாவை மூடி, அலமாரிக் கதவைச் சாத்தினார்.

மறுபடி விண்ணப்பம் போட்டார். ஆள் வரும்வரை விடுப்பை ஒவ்வொரு நாளாக வரிசையாக எடுத்தார். விடுமுறையிலும் ஏதாவது ஒரு வீட்டு ஏசிக்குப் போய்விடுகிறவருக்குப் பகலில் அந்த வீட்டில் இருப்பது புது அனுபவம். ஜன்னல் வெயில் பத்தரைக்குக் கட்டிலுக்கு வந்து, பன்னிரண்டுக்குப் போகும் என்பது இருபத்திரண்டு வருஷத்தில் அன்றுதான் தெரிந்தது. மாடிப்படியில் காலடி கேட்கும்போதெல்லாம் எழுந்து சட்டையை மாட்டினார். பால்காரர். எதிர் வீட்டுப் பெண். கொரியர். முதல் நாள், இரண்டாம் நாள் போயின. படுத்தால் தூங்கிவிடுவோம் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே தூங்கினார்.

ஏழாம் நாள் மூன்று மணிக்கு ஆள் வந்தார். அவரும் அந்த ஊர்க்காரர் இல்லை, எங்கிருந்தோ வந்தவர். வயசு ஐம்பதுக்கு மேல். லிஃப்ட் ஓடவில்லை, நாலு மாடி ஏறி வந்திருந்தார். வாசலில் நின்று ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினார். மெக்கானிக் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஏசியை இரண்டு படி கூட்டினார். இருவருக்கும் அந்த ஊர் மொழி அரைகுறை. அதனால் எல்லாவற்றையும் காட்டிக் காட்டியே பேசிக்கொண்டார்கள்.

எங்கே வசிக்கிறீர்கள் என்று ஆள் கேட்டார். மெக்கானிக் கட்டிலைக் காட்டினார். ஆள் படிவத்தைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மூன்றாவது வரியில் டிக் போட்டார்.

கரண்ட் ஏன் குறைந்தது என்று கேட்டார். மெக்கானிக் ஸ்டூலைப் போட்டு ஏறி, முன்மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். பென்சில் வரியைத் தொட்டுக் காட்டினார். பழைய கெப்பாசிட்டரை டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார். அது நம்பிக்கை தராதோ என்று கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கொண்டுவந்து ஓடும் வயரில் மாட்டினார். 5.4. மூடியில் எழுதியிருந்ததும் 5.4.

ஆள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூடியைப் போட்டோ எடுத்தார். பிறகு படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்க, விரலால் வரியைத் தடவிப் படித்துக் காட்டினார். நேரில் பார்த்தேன். ஆள் இருக்கிறார்.

போகும்போது வாசலில் திரும்பி, தன் வீட்டு ஏசியில் உள்பக்கம் தண்ணீர் சொட்டுகிறது என்றார். மெக்கானிக் அவரிடமிருந்து பேனாவை வாங்கி, ஒரு துண்டுத் தாளில் வடிகுழாயை வரைந்து, எந்த முனையில் வாய் வைத்து ஊத வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தார்.

கணக்கு திறந்தது. அட்டை தபாலில் வந்தது. உறைமேல் முகவரி மூன்று வரியிலும் முழுசாக இருந்தது. தபால்காரர் கீழே நின்று சத்தமாகப் படித்துச் சிரித்தார். வீட்டில் ஒரு வாரம் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். "கீழ்க்கட்டில் ஜன்னல் பக்கம், குளிச்சாச்சா?"

அதன்பிறகு ஆறு மாதம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலைக்குப் போனார், வந்தார். பேங்க் பட்டியலில் மாதம் ஒரு சம்பள வரி விழுந்தது. ஒவ்வொரு வரி விழுந்ததும் மனைவிக்குப் போன் செய்து எண்ணை மட்டும் சொன்னார். மூணு. நாலு. அவள் பதிலுக்குத் தன் பக்கத்தைச் சொன்னாள். பெட்டி வாங்கியாச்சு. செருப்பு வாங்கியாச்சு. ஐந்தாவது வரி விழுந்த மாதம் அவருக்கு முழங்கால் வீங்கி ஏணி ஏறுவது சிரமமாகியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. விடுப்பு போட்டால் சம்பளம் குறையும், வரி சுத்தமாக இருக்காது என்று நினைத்தார். மகனுக்கு இது தெரிந்தது வெகுநாள் கழித்து.

ஆறாவது விழுந்தது. பட்டியல், முத்திரை, விசா. எல்லாம் முடிந்தபோது அவர் அனுமதி முடியப் பதினோரு நாள் மிச்சம் இருந்தது. ஒரு மாதம் தங்க வேண்டியவள் பதினோரு நாளுக்கு வந்தாள். அந்த வீட்டில் பெண்கள் தங்க முடியாது. குடும்பத்தோடு இருந்த கம்பெனி டிரைவர் தன் வீட்டில் ஓர் அறை கொடுத்தார். மெக்கானிக்கும் அங்கேயே தங்கினார். சுற்றிக் காட்ட விடுப்பு இரண்டு நாள்தான் பாக்கி. அவள் மூன்றாம் நாளே, "எப்ப கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள்.

மற்ற ஆறு பேரும் வேலைக்குப் போன ஒரு காலையில் கூட்டிப்போனார். நாலு மாடி. ஒவ்வொரு மாடியிலும் இருவரும் நின்றார்கள், அவள் மூச்சுக்கும் அவர் முழங்காலுக்கும். போன ராத்திரியே பெயின்டர் தரையைக் கழுவி, எல்லோர் சட்டையையும் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தார்.

அவள் கட்டிலைப் பார்த்தாள். குனிந்து, மேல்கட்டில் தலையில் இடிக்காமல், உட்கார்ந்தாள். மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

"எழுந்திரிக்கும்போது தலை இடிக்காதா?"

"முதல் வருஷம் இடிச்சுது."

"சொல்லவே இல்லையே."

"இதையெல்லாமா போன்ல சொல்லுவாங்க?"

அவள் தலையணையைத் திருப்பிப் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். "வெயில் வருது" என்றாள்.

"பத்தரைக்கு வரும். பன்னிரண்டுக்குப் போயிடும்."

"ஏசியைக் குறைங்க. குளிருது."

குறைத்தார். திரும்பிப் பார்த்தபோது தூங்கிவிட்டிருந்தாள். பயணக் களைப்பு, படிக்கட்டு. அவர் எழுப்பவில்லை. ஊருக்குப் போகும் முன் ஏசியை ஒருமுறை துடைத்துவைக்க வேண்டும் என்று இருந்தார். சத்தம் வராமல் ஸ்டூலைப் போட்டு, மூடியைக் கழற்றி, ஃபில்டரைக் கழுவி மாட்டினார். மீட்டர் வைத்துப் பார்த்தார். மூடியைத் திருப்பிப் பென்சிலால் எழுதினார்.

அவள் பன்னிரண்டுக்கு, வெயில் போன பிறகு எழுந்தாள். மூடி இன்னும் சுவரில் சாய்ந்து நின்றது. பழைய வரிகளுக்குக் கீழே புது வரி. தேதி. 5.3 ஆம்பியர். குறிப்பு: நேரில் பார்த்தாச்சு.

"இது யாருக்குங்க?"

"அடுத்து வர்ற மெக்கானிக்குக்கு."

மூடியை மாட்டினார். இறங்கினார்கள். பதினோராம் நாள் இருவரும் ஒரே விமானத்தில் ஊருக்குத் திரும்பினார்கள்.

அவர் ஊரில் இருந்தது மூன்று வருஷம். அவர் காலமான பிறகு, வீட்டுக் கூடத்தில் இருந்த ஏசியின் முன்மூடியை மகன் கழற்றிப் பார்த்தான். வருஷத்துக்கு இரண்டு வரி. தேதி, ஆம்பியர். குறிப்பு என்ற இடத்தில் எங்கும் எதுவும் இல்லை. கடைசி வரி போன ஆடியில் எழுதியது. அதற்குக் கீழே நிறைய இடம் இருந்தது. மகன் ஃபில்டரைக் கழுவினான். மீட்டர் வைத்துப் பார்த்தான். எதுவும் எழுதாமல் மூடியை அப்படியே மாட்டிவிட்டான்.